டீசல் மோசடி வெடித்தபோது ஃபோக்ஸ்வேகன் ஊருக்குப் பக்கத்தில் இருந்தேன்

2015 செப்டம்பர் 18 அன்று ஃபோக்ஸ்வேகன் கார் கம்பெனியின் டீசல் மோசடி வெளியே வந்தது. அப்போது நான் வடக்கு ஜெர்மனியில் பிரவுன்ஷ்வைக் நகரத்தில் இருந்தேன். கம்பெனியின் தலைமையகம் இருக்கும் வோல்ஃப்ஸ்புர்க்குக்கு அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. அந்த வாரம் ஊரிலிருந்து போன் பேசியவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அங்க ஜனங்க கொதிச்சுப் போயிருப்பாங்களே?"

கொதிக்கவில்லை. நான் இருந்த பக்கத்திலாவது இல்லை. கோபம் வந்தது, ஆனால் வேறு நேரத்தில், வேறு ஆட்கள் மேல் வந்தது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். சியாட்டிலில் இருக்கும் பெரியப்பா மகன் அந்தக் கம்பெனியின் டீசல் காரை வைத்திருந்தார். பிரவுன்ஷ்வைக் நண்பர்கள் சிலர் வைத்திருந்தார்கள். கோவையில் மாமாவும் வைத்திருந்தார். மோசடி ஒன்றுதான், மூன்று நாட்டில் மூன்று விதமாக முடிந்தது. யார் எவ்வளவு சத்தம் போட்டார்கள் என்பதற்கும் யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டியை எந்தத் தேதியில் வாங்கினார், எந்தத் தேதிக்குள் மனு போட்டார், கையில் என்ன காகிதம் இருந்தது என்பதை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. கார் என்றில்லை, பெரிய கம்பெனியிடம் ஏமாந்த யாருக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

செய்த தில்லுமுல்லு என்ன என்று முதலில் சுருக்கமாக. டீசல் எஞ்சின் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்று மூச்சுக்குக் கெடுதியான வாயு உண்டு. அதைக் குறைத்தால் அதற்கு வேறு இடத்தில் விலை கொடுக்க வேண்டும். மைலேஜ் குறையலாம், இழுவை குறையலாம், வடிகட்டி சீக்கிரம் அடைக்கலாம். அப்போது ஐரோப்பாவில் புகைச் சோதனை ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கும். காரை உருளைகள் மேல் நிறுத்தி, எந்த நொடியில் எந்த வேகம் என்று முன்பே எழுதிவைத்த அட்டவணைப்படி சுமார் 20 நிமிடம், 11 கிலோமீட்டர் ஓட்டுவார்கள். ஸ்டீயரிங் அசையவில்லை, சக்கரம் மட்டும் சுற்றுகிறது, வேகமும் அந்த அட்டவணையோடு ஒத்துப்போகிறது என்றால் 'இது சோதனை' என்று எஞ்சின் மென்பொருள் கண்டுபிடித்து ஒழுங்காக நடந்துகொள்ளும். ரோட்டுக்கு வந்ததும் பழைய குணம் திரும்பிவிடும். இன்ஸ்பெக்‌ஷன் அன்று மட்டும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, வாத்தியார்கள் மணியடிக்கும் முன்பே வந்து நிற்கும் பள்ளிக்கூடம் மாதிரி. ரோட்டில் ஓடும்போது அனுமதித்த அளவைவிட 40 மடங்கு வரை வெளியே விட்டது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொன்னது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்த மென்பொருள் இருந்தது.

இதைக் கண்டுபிடிக்க வழி திறந்தவர்கள் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஒரு சின்னக் குழு. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று இரண்டு பேர். அளவுக் கருவியையும் ஜெனரேட்டரையும் காரோடு கட்டிக்கொண்டு, ஆய்வுக்கூடத்தை விட்டு நிஜ ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஃபோக்ஸ்வேகனின் ஜெட்டா, பஸாட் என்ற இரண்டு மாடல்கள். பஸாட் காரை லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சியாட்டில் வரை ஓட்டித் திரும்பினார்கள். ஜெட்டா 15 முதல் 35 மடங்கும், பஸாட் 5 முதல் 20 மடங்கும் கூடுதலாகக் கக்கியது. 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். அதற்கப்புறம் கலிஃபோர்னியாவின் காற்று வாரியம் விடாமல் கேள்வி கேட்டது. 2014 டிசம்பரில் கம்பெனி ஒரு மென்பொருள் திருத்தம் செய்து பார்த்தது, அப்போதும் புகை வரம்புக்குள் வரவில்லை. 2016 மாடல்களுக்கு அனுமதி கிடைக்காது என்ற நிலை வந்த பிறகுதான் ஒப்புக்கொண்டது. "குழுவில் எங்க ஊர்ப் பக்கத்துக்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க" என்று ஆபீஸ் கேன்டீனில் பெருமையாகச் சொன்னேன். யாரும் ரசிக்கவில்லை.

ரசிக்காததற்குக் காரணம் உண்டு. வோல்ஃப்ஸ்புர்க்கின் மக்கள்தொகை சுமார் ஒன்றேகால் லட்சம். ஆலையில் வேலை பார்ப்பவர்கள் அறுபதாயிரம் பேர். லோயர் சாக்சனி மாநில அரசே அந்தக் கம்பெனியில் 20 சதவீத வாக்குரிமை வைத்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் நீங்கள் பல் டாக்டராக இருந்தாலும் உங்கள் வருமானத்தின் ஒரு முனை அந்த ஆலையைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கும். ஆலை கேன்டீனில் சொந்தமாகத் தொத்திறைச்சி செய்கிறார்கள், அதற்கும் உதிரிபாக எண் போட்டு வெளியில் விற்கிறார்கள். வோல்ஃப்ஸ்புர்க் ஸ்டேஷனில் இறங்கினால் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மின் நிலையத்தின் நான்கு புகைபோக்கிகள்தான் முதலில் கண்ணில் படும்.

மோசடி வெளியான அடுத்த திங்கட்கிழமை பங்குச் சந்தையில் கம்பெனியின் பங்கு ஒரே நாளில் ஐந்தில் ஒரு பங்கு சரிந்தது. புதன்கிழமை தலைவர் மார்ட்டின் வின்டர்கோர்ன் பதவி விலகினார். வோல்ஃப்ஸ்புர்க் மேயர் வரிவருமானம் விழப்போகிறது என்று நகராட்சிச் செலவுகளை நிறுத்திவைத்தார். காலை ரயிலில் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் செய்தித்தாளை மடித்து வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேசாமல் வந்தார்கள். பேசியபோது வந்த வாக்கியங்கள் மூன்றே: "எல்லாரும்தான் பண்றாங்க, இவங்க மாட்டிக்கிட்டாங்க." "அமெரிக்காக்காரன் நம்ம தொழிலை ஒழிக்கப் பார்க்கிறான்." "மேல இருக்கறவங்க பண்ணதுக்கு லைன்ல நிக்கறவன் வேலை போகப்போகுது." மூன்றாவதில் நியாயம் இருந்தது. முதலாவதிலும் கொஞ்சம் இருந்தது, மற்ற கம்பெனிகளின் டீசல்களும் ரோட்டில் வரம்பை மீறியது பிற்பாடு வரிசையாக வெளியே வந்தது. எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டுப் பெரியவர், அந்த ஆலையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கடைசிவரை அதை 'மோசடி' என்று சொல்லவே இல்லை. "அந்த விஷயம்" என்பார்.

சியாட்டிலில் நிலைமை நேர் எதிர். அண்ணன் 2009-இல் ஜெட்டா டீசல் வாங்கியவர். அப்போது அந்தக் காருக்கு அமெரிக்க அரசே 1,300 டாலர் வரிச்சலுகை கொடுத்தது, 'சுத்தமான டீசல்' என்று விளம்பரம், 'ஆண்டின் பசுமைக் கார்' விருது வேறு. அண்ணி சைக்கிளில் ஆபீஸ் போகிற ஆள். அவர் சம்மதிக்க வேண்டுமென்றே அண்ணன் இந்தக் காரைத் தேர்ந்தெடுத்தார். செய்தி வந்த அன்று ராத்திரி போன் செய்தார். "தம்பி, பணம் போனாக்கூட பரவால்ல. ஆறு வருஷமா நான்தான் ஊருக்குள்ள புகை விட்டுட்டு இருந்தேன், தெரியுமா? பெட்ரோல் வண்டி வச்சிருந்தவனுக்கெல்லாம் வேற அட்வைஸ் பண்ணிட்டு இருந்தேன்." அமெரிக்க வாடிக்கையாளர்களின் கோபம் பெரும்பாலும் இந்த வகைதான். விலை அல்லது மைலேஜ் மட்டும் பார்த்து வாங்கியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

அதே ஆண்டு நவம்பரில் கம்பெனி சமாதானத்துக்கு 500 டாலர் கார்டு ஒன்று, டீலரிடம் செலவு செய்ய இன்னொரு 500 டாலர் கார்டு, மூன்று வருஷத்துக்கு வழியோர உதவி என்று அறிவித்தது. அண்ணன் முதலில் தொடமாட்டேன் என்றார். நான் ஒன்றுதான் சொன்னேன்: ரோஷத்தை விடுங்கள், இதை வாங்கினால் வழக்குப் போடும் உரிமை போகிறதா என்று மட்டும் பாருங்கள். அவர் நிபந்தனைகளை வரி வரியாகப் படித்தார், வக்கீல் ஒருவரிடமும் கேட்டார். உரிமை போகவில்லை. வாங்கிக்கொண்டார். எந்தக் கம்பெனி நல்லெண்ணமாக எதைக் கொடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். 'முழுமையான, இறுதியான தீர்வாக ஏற்கிறேன்' என்ற பொருளில் ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடும் முன் ஒரு ராத்திரி தள்ளிப்போடுங்கள்.

2016 ஜூன் 28-இல் 1,470 கோடி டாலர் சமரசம் அறிவிக்கப்பட்டது. அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிபதி சார்ல்ஸ் பிரேயர் ஒப்புதல் கொடுத்தார். 2 லிட்டர் எஞ்சின் கார்கள் மட்டும் ஏறக்குறைய 4,75,000. கம்பெனியே காரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும். விலை இன்றைய சந்தை விலை அல்ல, மோசடி வெளியே வருவதற்கு முந்தைய 2015 செப்டம்பர் மதிப்பு. அதற்கு மேல் 5,100 முதல் 10,000 டாலர் வரை தனியாக நஷ்டஈடு. ஆண்டுக்கு 12,500 மைல் வரை ஓட்டினால் மதிப்பில் கைவைக்க மாட்டார்கள். அதனால் அண்ணன் அவசரப்படாமல் 2017 வரை ஓட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

அண்ணனுடைய நண்பர் ஒருவர் அப்படி இருக்கவில்லை. 'இந்தச் சனியன் வீட்டில் நிற்கவே கூடாது' என்று 2015 அக்டோபரிலேயே அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார். செப்டம்பர் 18-க்கும் அடுத்த ஜூன் 28-க்கும் நடுவில் விற்றவர்களுக்கு நஷ்டஈட்டில் பாதிதான், அதற்கும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். செப்டம்பர் 18-க்கு முன்னால் விற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. ஊழல் வெளியே வந்த முதல் வாரத்தில் பொருளை விற்காதீர்கள் என்று நான் யாருக்கும் சொல்வது இந்த ஒரு ஆளைப் பார்த்துத்தான். விலை அதலபாதாளத்தில் இருக்கும் நேரத்தில் விற்கிறீர்கள், போதாக்குறைக்கு உரிமையில் பாதியையும் சேர்த்து விற்கிறீர்கள். ஆபத்தான பழுது என்றால் வேறு விஷயம். இது ஓட்டுகிறவனுக்கு ஆபத்தில்லாத பழுது.

இன்னொரு கூத்தும் நடந்தது. வண்டி சொந்த எஞ்சினில் ஓடி வந்து நின்றால் போதும் என்றுதான் சமரசத்தில் இருந்தது. சிலர் கதவு, சீட்டு, பம்பர் என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டு எலும்புக்கூட்டை ஓட்டிக்கொண்டு போய்க் கொடுக்கப் பார்த்தார்கள். நீதிபதியே இது சமரசத்தின் நோக்கம் இல்லை என்று கண்டிக்க வேண்டியதாயிற்று. திரும்ப வாங்கிய கார்களை நிறுத்த இடமில்லாமல் மிச்சிகனில் கைவிடப்பட்ட சில்வர்டோம் ஸ்டேடியம், கலிஃபோர்னியப் பாலைவனத்தில் விக்டர்வில் விமான நிலையம் என்று முப்பத்தேழு இடங்களில் லட்சக்கணக்கில் நிறுத்திவைத்தார்கள். அந்தப் படங்களைப் பிரவுன்ஷ்வைக்கில் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதே கம்பெனி, அதே குற்றம், இங்கே என்ன கிடைத்தது?

ஒரு கடிதம் கிடைத்தது. ஜெர்மன் மோட்டார் வாகனத் துறை 24 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்துத் திருத்த உத்தரவிட்டிருந்தது. என் நண்பர், மதுரைக்காரர், 2012-இல் புதிதாக வாங்கிய 1.6 லிட்டர் கோல்ஃப் கார் வைத்திருந்தார். முறை வந்ததும் ஒர்க்‌ஷாப்புக்கு அவரோடு நானும் போனேன். மென்பொருளை மாற்ற லேப்டாப்பைச் சொருகினார்கள். அப்புறம் மெக்கானிக் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் துண்டைக் காட்டினார். கறுப்பு நிறம், கையில் அடங்கும் அளவு, ஒரு முனையில் தேநீர் வடிகட்டி போல வலை. உள்ளே போகும் காற்றைச் சீராக்கி, காற்றின் அளவைப் பார்க்கும் சென்சார் சரியாகப் படிக்க உதவுமாம். மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் வேலை முடிந்தது. 2 லிட்டர் எஞ்சினுக்கு இந்தக் குழாய்கூட வேண்டாம், அரை மணி நேர மென்பொருள் மாற்றம் போதும். நண்பர் வெளியே வந்து, "இவ்வளவுதானா? இதுக்காடா உலகத்தையே ஏமாத்தினீங்க?" என்று தமிழிலேயே சொன்னார். மெக்கானிக் சிரித்தார். எந்த மொழியில் சொன்னாலும் புரிந்திருக்கும், அன்றைக்கு எல்லாரும் அதைத்தானே சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள்.

திருத்தத்துக்கு முன்னால் நண்பர் ஒரு காரியம் செய்திருந்தார். பெட்ரோல் பங்க் ரசீதுகளைச் சேர்த்து வைத்து, லிட்டர், கிலோமீட்டர், தேதி எல்லாம் ஒரு நோட்டில் எழுதியிருந்தார். ஓடோமீட்டரைத் தேதியோடு போட்டோ எடுத்தார். திருத்தத்துக்கு உடன்படுவதால் எந்த உரிமையையும் விட்டுத்தரவில்லை என்று ஒர்க்‌ஷாப் மேனேஜருக்கு இரண்டு வரிக் கடிதம் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்கினார். அந்தக் கடிதம் சட்டத்தில் எவ்வளவு நிற்கும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படி எழுதுகிற பழக்கம் இருந்ததால்தான் கார் வாங்கிய ஒப்பந்தம், கட்டிய ரசீது, ஆலையின் கடிதம் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. 2018-இல் அந்தக் கோப்பு வேலைக்கு வந்தது.

ஜெர்மனியில் அதுவரை அமெரிக்கா மாதிரிக் கூட்டு வழக்குக்கு வழியே இல்லை. இந்த மோசடியின் அழுத்தத்தில்தான் சட்டம் கொண்டுவந்து, 2018 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்பு பிரவுன்ஷ்வைக் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பெயரைப் பதிவு செய்ய ஒரு காசு செலவில்லை. நாலு லட்சம் பேருக்கு மேல் பதிந்தார்கள். நண்பரும் பதிந்தார். 2020 பிப்ரவரியில் 83 கோடி யூரோவுக்குச் சமரசம் ஆயிற்று. காரின் மாடலையும் வயதையும் பொறுத்து 1,350 முதல் 6,257 யூரோ வரை. சராசரியாக வாங்கிய விலையில் 15 சதவீதம்.

கீழ்வீட்டுப் பெரியவருக்கும் அந்தத் தகுதி இருந்தது. பதிவுத் தாளை நானே அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மேசைமேல் வைத்துவிட்டு, "என் பென்ஷன் அங்கிருந்துதான் வருது" என்றார். அவ்வளவுதான்.

இன்னொரு நண்பர், எங்களோடு கிரிக்கெட் ஆடுபவர், 2016 ஆரம்பத்தில் இதே மாடல் பழைய காரை மலிவாக வாங்கினார். "எல்லாரும் பயந்து விக்கறாங்க, நமக்கு லாபம்" என்றார். 2020 ஜூலையில் ஜெர்மன் உச்ச நீதிமன்றம் கதவைச் சாத்தியது: 2015 செப்டம்பரில் கம்பெனி விஷயத்தை அறிவித்த பிறகு வாங்கியவர்களை வேண்டுமென்றே ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. கூட்டுச் சமரசத்திலும் 2015 டிசம்பர் 31 வரை வாங்கியவர்களுக்குத்தான் இடம். அவருக்கு மலிவு விலைதான் நஷ்டஈடு. அவரும் அதில் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

தனியாக வழக்குப் போட்டவர்களின் கதை வேறு. 2020 மே 25 அன்று அதே உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆனால் ஓட்டிய கிலோமீட்டருக்குக் கழிக்க வேண்டும். அந்த வழக்கில் 31,490 யூரோவுக்கு வாங்கிய பழைய காருக்கு 25,616 யூரோ கிடைத்தது. அமெரிக்காவில் நிதானமாக ஓட்டியவருக்கு நஷ்டமில்லை, ஜெர்மனியில் ஓட்டிய ஒவ்வொரு கிலோமீட்டரும் காசைத் தின்றது. வழக்கு இழுக்க இழுக்க கம்பெனிக்கு லாபம். அதுபோக, விஷயம் தெரியவந்த ஆண்டின் முடிவிலிருந்து மூன்று வருஷம்தான் கெடு. 2015-லேயே தன் காரும் இதில் சேர்த்தி என்று தெரிந்தும் 2019-இல் தனி வழக்குப் போட்டவர்களைக் காலம் கடந்தது என்று திருப்பி அனுப்பினார்கள். ஜெர்மனியில் தோற்றவர் இரு தரப்புச் செலவையும் கட்ட வேண்டும். ஆகவே வழக்குச் செலவுக் காப்பீடு முன்பே இருந்தவர்கள்தான் துணிந்து போனார்கள். பிரச்சினை வந்த பிறகு எடுத்த காப்பீடு அந்தப் பிரச்சினைக்கு உதவாது. ஜெர்மனிக்குப் புதிதாக வரும் நம் ஆட்களுக்கு நான் முதலில் எடுக்கச் சொல்வது பொறுப்புக் காப்பீடு, அடுத்தது இது.

சரி, ஜெர்மனியில் கோபம் எப்போது வந்தது? முதல் தடவை நான் கண்ணால் பார்த்தது 2018 ஜனவரியில். கார் கம்பெனிகள் பணம் போட்டு நடத்திய ஓர் ஆய்வு அமைப்பு, அமெரிக்காவில் அல்புகர்க்கியில் பத்துக் குரங்குகளைக் கூண்டில் அடைத்து டீசல் புகையைச் சுவாசிக்க வைத்தது வெளியே வந்தது. புகைவிட்ட பீட்டில் காரிலும் அதே ஏமாற்று மென்பொருள். கீழ்வீட்டுப் பெரியவர் படியில் என்னை நிறுத்தி, கை நடுங்கத் திட்டினார். மூன்று வருஷம் மனிதர்கள் சுவாசித்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத மனிதர்! சிரிப்பதா என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் புரிந்தது. நைட்ரஜன் ஆக்சைடுக்கு முகம் கிடையாது, எந்த வீட்டில் யாருக்கு மூச்சுத் திணறுகிறது என்று காட்ட முடியாது. குரங்கைக் காட்ட முடியும்.

இரண்டாவது கோபம் தடை வந்தபோது. 2018 பிப்ரவரியில் லைப்ஸிக்கில் நிர்வாக உச்ச நீதிமன்றம், காற்று கெட்டுப்போன நகரங்கள் பழைய டீசல் வண்டிகளைத் தடை செய்யலாம் என்றது. மே மாதம் ஹம்புர்க் இரண்டு தெருப் பகுதிகளை மூடியது. 2019 ஜனவரி 1 முதல் ஸ்டுட்கார்ட் யூரோ 4 வரையிலான டீசல்களை ஊருக்குள் விடவில்லை (யூரோ என்பது ஐரோப்பாவின் புகை விதி வகுப்பு, எண் குறைந்தால் பழைய வண்டி). அங்கே சனிக்கிழமைதோறும் மஞ்சள் உடுப்புப் போட்டுக்கொண்டு மக்கள் தெருவில் நின்றார்கள். யாருக்கு எதிராக? மோசடி செய்தவர்களுக்கு எதிராக இல்லை. தடைக்கு எதிராக, காற்றை அளந்த பெட்டிக்கு எதிராக, வழக்குப் போட்ட சுற்றுச்சூழல் அமைப்புக்கு எதிராக. அந்த அமைப்பின் வரிச்சலுகையைப் பறிக்க வழி பார்க்கச் சொல்லி ஆளுங்கட்சி மாநாட்டில் தீர்மானமே போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நுரையீரல் மருத்துவர்கள் 'இந்த வரம்புக்கே அறிவியல் ஆதாரம் இல்லை' என்று கையெழுத்துப் போட்டார்கள். சில வாரத்தில் அதில் கணக்குத் தப்பு இருப்பதை ஒரு பத்திரிகை எடுத்துக்காட்டியது. நியாயம் இல்லாத கோபம் என்று முழுதாகத் தள்ளவும் மனசு வரவில்லை. தெருவில் நின்றவர்கள் பலரும் பழைய கார் மட்டுமே வாங்க முடிந்தவர்கள். கம்பெனி செய்த தப்புக்கு அவர்கள் கார்தான் வாசலில் நின்றது.

என்னிடமும் அப்போது வேறொரு கம்பெனியின் யூரோ 5 டீசல் இருந்தது. ஆபீசில் பாதிப்பேர் 'இப்பவே தள்ளிவிடு' என்றார்கள். நான் ஒரு சாயந்திரம் உட்கார்ந்து எந்தெந்த ஊரில் எந்தத் தெருவில் தடை, எந்த யூரோ வகுப்புக்கு என்று பட்டியல் போட்டேன். நான் போகிற வழியில் ஒன்றுகூட இல்லை. வைத்துக்கொண்டேன். கொரோனாவுக்குப் பிறகு பழைய கார் விலை ஏறியபோது விற்றேன், 2018-இல் கேட்ட விலையைவிட மோசமில்லை.

கோர்ட்டு கேஸ் விஷயம்: 2025 மே மாதம் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் நான்கு முன்னாள் மேலாளர்களைக் குற்றவாளிகள் என்றது, இரண்டு பேருக்கு நிஜமான சிறை. அமெரிக்கா, ஃபோக்ஸ்வேகன் மேலாளர் ஆலிவர் ஷ்மிட்டுக்கு 2017-லேயே ஏழு வருஷம் கொடுத்துவிட்டது. பத்து வருஷம் கழித்து வந்த இந்தத் தீர்ப்பை அங்கே இருக்கும் நண்பர்கள் வாட்சப்பில்கூடப் பெரிதாகப் பேசவில்லை. 2030-க்குள் 35,000 வேலைகளைக் குறைக்கும் ஒப்பந்தம்தான் அப்போது அங்கே பேச்சு. வாங்குகிற ஜனங்களோ அதற்கு முன்பே சமாதானமாகிவிட்டார்கள்: மோசடி வெடித்த அடுத்த ஆண்டு, 2016-இல், ஃபோக்ஸ்வேகன் குழுமம் ஒரு கோடிக்கு மேல் விற்று உலகில் முதலிடம் பிடித்தது. சியாட்டில் அண்ணனும் அதே கம்பெனியின் பெட்ரோல் காரைத்தான் வாங்கினார். "டீலர் நல்லவன்டா" என்று காரணம் சொன்னார்.

இனி கோவை மாமா. வென்டோ டீசல் வைத்திருந்தார். "மாப்ள, எனக்கும் டாலர்ல வருமா?" என்றுதான் முதல் கேள்வி. வராது மாமா என்றேன். இந்தியாவில் 2015 டிசம்பரில் ஸ்கோடா, ஆடி எல்லாம் சேர்த்து 3,23,700 கார்களைத் தாங்களாக முன்வந்து திருத்துவதாக அறிவித்தார்கள். விதியை மீறவில்லை என்பது கம்பெனியின் வாதம். அதற்கு அவர்களுக்கு இடமும் இருந்தது, ரோட்டில் ஓடும்போது எவ்வளவு விடலாம் என்று அப்போது நம் விதியில் வரம்பே இல்லை. 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது. மே மாதம் உச்ச நீதிமன்றம் கம்பெனி மேல் கட்டாய நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாது என்று நிறுத்திவைத்தது. வாடிக்கையாளர் கைக்கு எதுவும் வரவில்லை. மாமாவின் வட்டாரத்தில் இதைப் பற்றிக் கோபப்பட்டவர் யாரையும் நான் பார்க்கவில்லை. 'சாஃப்ட்வேர் மாத்தினா பிக்கப் குறையுமாமே' என்ற கவலைதான் இருந்தது.

மாமாவிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். பங்கில் எடுக்கும் பொல்யூஷன் சர்ட்டிஃபிகேட்டை வைத்துக்கொண்டு வண்டி சுத்தம் என்று நினைக்காதீர்கள். டீசலுக்கு அங்கே நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்து, புகை எவ்வளவு கறுப்பு என்றுதான் பார்க்கிறார்கள். நைட்ரஜன் ஆக்சைடு அந்தச் சோதனையில் வராது. பழைய டீசல் வாங்கினால் 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பி.எஸ். 6 (நம் நாட்டுப் புகை விதி) இரண்டாம் கட்ட வண்டியாக இருந்தால் நல்லது, அவை நிஜ ரோட்டுச் சோதனையிலும் வரம்புக்குள் வர வேண்டும். அதற்கு முந்தைய வண்டி என்றால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து ரீகால் வேலை ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள், செய்திருந்தால் ஜாப் கார்டின் நகலை வாங்குங்கள். 2021 ஏப்ரல் முதல் அரசே கட்டாய ரீகாலுக்கு உத்தரவிட முடியும். கம்பெனி மேல் புகார் இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருஷம்தான் கெடு. பில்லை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு, அப்புறம் வக்கீலுக்குப் போன் போடுங்கள். மாமா தேடியபோது பில் கிடைக்கவில்லை. வீட்டுக் கிரகப்பிரவேசத்தின்போது எங்கேயோ வைத்துவிட்டாராம்.